போன தீபாவளிச் சட்டை

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு ஊர். ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் முன் அம்மா பெட்டியைத் திறந்து போன வருஷச் சட்டையை எடுக்கிறாள். பையனுக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அதைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வயசுப் பையன். கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைகிறான். தோள்பட்டைத் தையல் தோளிலேயே நிற்கிறது. கைமடிப்பு போன வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"பரவால்லியே, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமாட்ட இருக்குது" என்கிறாள் அப்பத்தா.

"வளத்தியே இல்லீங்களே அத்தை."

"அவங்க தாத்தன் குட்டைதானே. பையன் அவராட்டம்."

பேச்சு அத்தோடு முடிகிறது. கடைக்குப் போய்ப் புதுச்சட்டை எடுக்கிறார்கள், அதே சைஸில்.

இந்தப் பையன் நான் உண்டாக்கியவன். ஆனால் அவனிடம் இருப்பவை எதுவும் கற்பனை அல்ல. குழந்தைகள் சிறுநீரகப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் இந்தக் கதையில் பாதியையாவது அவரே சொல்லி முடித்துவிடுவார். மீதிப் பாதி இது: பையன் தண்ணீர் நிறையக் குடிப்பான். ராத்திரி எழுந்து சொம்பைத் தேடுவான். மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் பாயை நனைப்பான். முகம் வெளுத்திருக்கும், சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஊறாது. கால் முட்டி இரண்டும் உள்பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். கடைசியில் ஒருநாள் வாந்தி, மூச்சிரைப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடும்போது, கிட்னி என்று டாக்டர் சொன்னதும் அப்பா கேட்பார்: "ஒண்ணுக்கெல்லாம் நல்லாத்தானுங்களே போறான்?"

நியாயமான கேள்விதான். கிட்னி கெட்டால் மூத்திரம் நின்றுவிடும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாம்பு கடித்தோ கடும் பேதியிலோ திடீரென்று சிறுநீரகம் செயலிழக்கும்போது அப்படி நடக்கிறது. வருஷக்கணக்கில் மெல்லச் சாகும் சிறுநீரகம், அதுவும் பிறவிக் கோளாறுள்ள குழந்தையின் சிறுநீரகம், பெரும்பாலும் நேர்மாறாக நடந்துகொள்கிறது. தண்ணீரை மீட்டு உடம்புக்குத் திருப்பித் தரும் திறமையைத்தான் அது முதலில் இழக்கிறது. தண்ணீர் போல நிறமற்ற மூத்திரம் லிட்டர் கணக்கில் போகும், உப்பும் சேர்ந்து போகும். போகவேண்டிய கழிவு மட்டும் ரத்தத்திலேயே தங்கிவிடும். பையன் பாயை நனைத்தது சோம்பலால் அல்ல. அதற்காக அவன் வாங்கிய அடிகளை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

சிறுநீரகம் வெறும் வடிகட்டி அல்ல. சிவப்பணு உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்பும் எரித்ரோபோயட்டின் அங்கேதான் சுரக்கிறது. அது நின்றால் இரும்புச் சத்து மாத்திரை எத்தனை போட்டாலும் முகம் வெளுப்புதான். வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி கடைசியாகச் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதும் அங்கேதான். அது நின்றால் கால் வளையும். ரத்தத்தில் சேரும் அமிலத்தை வெளியேற்றுவதும் அதன் வேலை. அமிலம் தேங்கினால் அதைச் சமன்செய்ய எலும்பு கரைகிறது, வளர்ச்சி ஹார்மோன் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. ஆக, குழந்தையின் சிறுநீரக நோய் மூத்திரத்தில் தெரிவதற்கு முன் உயரத்தில் தெரிந்துவிடுகிறது. நான்கு வயசுக்கு மேல், வயசுக்கு வரும்வரை, ஒரு குழந்தை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரவேண்டும். சட்டை சரியாகப் பொருந்தியதே நோயின் அறிகுறி.

இனி அந்த லேப் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பையனுக்கு எட்டு மாதம் முன்பு ஒரு காய்ச்சலின்போது ரத்தம் எடுத்திருந்தார்கள் என்று வையுங்கள். தாளில் ஒரு வரி: கிரியாட்டினின் 1.1. பக்கத்தில் அச்சடித்த சரியான அளவு: 0.6 முதல் 1.2 வரை. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. "எல்லாம் நார்மல்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்திருப்பார்கள். அச்சடித்த அளவு பெரியவர்களுக்கானது.

கிரியாட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. தசை எவ்வளவோ அவ்வளவு கழிவு. மூட்டை தூக்குகிறவரின் ரத்தத்தில் 1.1 இருந்தால் அவர் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம். குச்சிக் கை கால் உள்ள ஒன்பது வயசுப் பையனிடம் 0.4, 0.5 இருந்தாலே போதும். 1.1 என்றால் வடிகட்டுவது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் 1976-ல் சகாக்களோடு கொடுத்தது, 2009-ல் திருத்தப்பட்டது. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்கவேண்டும். நம் பையன் 112 சென்டிமீட்டர். பெருக்கினால் 46.3. 1.1-ஆல் வகுத்தால் 42. நல்ல சிறுநீரகத்துக்கு இது 90-க்கு மேல் இருக்கவேண்டும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு, அதாவது டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

கணக்கில் உயரம் வருவதைக் கவனியுங்கள். உயரம் தெரியாமல் குழந்தையின் கிரியாட்டினினுக்கு அர்த்தமே கிடையாது. இருந்தும் நம் ஊரில் ரத்தம் எடுக்கும் இடத்தில் உயரம் அளப்பதில்லை, உயரம் அளக்கும் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு சுவரில் ஒட்டிய அளவுநாடாவில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொண்டு போகிறது. போன வருஷ எண்ணையும் இந்த வருஷ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, சிறுநீரகம் ஏன் கெட்டது? பெரியவர்களுக்கு என்றால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குழந்தைகளிடம் அந்த விடை செல்லாது. பல நாடுகளின் பதிவேடுகளில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ பிறவிக் கோளாறுகள். இத்தாலியில் 1990 முதல் நடந்த பதிவில் பாதியைத் தாண்டியது. சிறுநீரகம் சரியாக உருவாகாமல் போனது, அல்லது மூத்திரப் பாதையின் குழாய்வேலை தப்பாக அமைந்தது. நோய் குழந்தையோடு கூடவே பிறக்கிறது.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஆளுக்கு ஆள் இது மிகவும் வேறுபடும். ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு குட்டி வடிகட்டி. இவை உருவாவது கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு முடிகிறது. அதற்குமேல் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. மானாவாரிக் காட்டில் கடலை விதைத்த மாதிரி, ஈரத்தில் எத்தனை முளைத்ததோ அத்தனைதான். குறைப்பிரசவத்திலும் எடை குறைந்தும் பிறக்கும் குழந்தைகள் குறைந்த நெஃப்ரானோடு தொடங்குகிறார்கள். கைக்குழந்தையாக இருக்கும்வரை அந்தக் குறை தெரியாது, சின்ன உடம்புக்கு அது போதும். உடம்பு வளர வளர, இருக்கிற நெஃப்ரான்கள் கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. பள்ளிபாளையத்தில் நான்கு தறி பார்த்தவர் தலையில் எட்டுத் தறியைக் கட்டினால் கொஞ்ச நாள் ஓட்டுவார், பிறகு அவரே படுத்துவிடுவார். நெஃப்ரானுக்கும் அதுதான் நடக்கிறது. ஒன்று படுத்தால் அதன் சுமை பக்கத்து நெஃப்ரானுக்கு. முதலில் இருந்த கோளாறு நின்றுவிட்டாலும் தேய்மானம் நிற்காமல் தொடர்வது இதனால்தான். இந்தச் சுமையைக் குறைக்கலாம். ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் குழந்தைகளிடம் தேய்மானம் மெதுவாகிறது என்று 2009-ல் ஐரோப்பிய ஆய்வொன்று, 385 குழந்தைகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்து, நிரூபித்தது. ஆனால் குழந்தைக்கு யார் பிரஷர் பார்க்கிறார்கள்? அதற்கேற்ற சின்னப் பட்டை பல மருத்துவமனைகளில் அலமாரியில் தேடவேண்டிய பொருள்.

பிறவிக் கோளாறுகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆண் குழந்தையின் மூத்திரக்குழாயின் பின்பகுதியில் ஒரு மெல்லிய சவ்வு. காகிதம் போன்றது. மூத்திரம் வரும்போது பாய்மரம் போல விரிந்து வழியை அடைக்கும். பின்புற வால்வு என்று சொல்வார்கள். 1919-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் இதை வகைப்படுத்தினார். சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும், பெண் குழந்தைகளுக்கு வரவே வராது. கருவில் பத்தாவது வாரம் வாக்கிலேயே சிறுநீரகம் மூத்திரம் உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தை பெய்த மூத்திரமே. வழி அடைத்தால் பை வீங்கும், மேலே இரண்டு குழாயும் வீங்கும், உருவாகிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் அந்த அழுத்தத்தில் நசுங்கும். பிறந்த பிறகு மெல்லிய கருவியை உள்ளே விட்டுச் சவ்வைச் சில நிமிடத்தில் கிழித்துவிடலாம். நசுங்கியது மட்டும் திரும்பி வராது. பையன் மூத்திரம் பெய்யும்போது வீச்சு இருக்கிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா என்று முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வது இதற்காக.

இதைக் கண்டுபிடிப்பது ஐந்தாம் மாத ஸ்கேன். சேலத்தில் ஸ்கேன் என்ற சொல்லுக்கு வேறொரு பழைய வாடையும் உண்டு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். அப்போது தொட்டிலில் விடப்பட்டவை பிறந்த குழந்தைகள். ஸ்கேன் பரவியதும் வயிற்றிலேயே பார்த்துவிடும் வேலை நடந்தது. 1994-ல் சட்டம் வந்து, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றமானது. எந்தப் பிள்ளை வேண்டும் என்று தேடி இந்தக் கருவியின் முன் வரிசையில் நின்றார்களோ, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே வரும் நோயை அதே கருவி காட்டுகிறது. நோயின் பெயரைச் சொன்னாலே ஆண் என்பது வெளிப்பட்டுவிடும். "மூத்திரப் பாதையில அடைப்பு மாதிரி தெரியுது, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லலாம், அதுவே போதும். இன்னொன்று: ஸ்கேனில் சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருப்பது நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை தென்படும். அவற்றில் பெரும்பாலானவை பிறந்தபின் தானாகவே சரியாகும். பயந்து கலைத்தவர்களும் உண்டு, மறந்து விட்டவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. பிறந்தபின் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

மூத்திரப்பையிலிருந்து மூத்திரம் மேல்நோக்கித் திரும்பிப் பாயும் இன்னொரு கோளாறு இருக்கிறது, பின்பாய்ச்சல். அதோடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். ஒரு வயசுக் குழந்தைக்கு எரிச்சல் என்று சொல்லத் தெரியாது, காய்ச்சல் மட்டும் வரும். சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும். ஊசி போட்டதும் இறங்கும், மாதம் கழித்து மறுபடி வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஊசி உண்டு, சிரப் உண்டு. பத்து மில்லி மூத்திரம் பிடித்துக் கல்ச்சருக்கு அனுப்புவதுதான் நடக்காது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இந்தக் கோளாறு இருந்தால் உடன்பிறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருக்கக்கூடும்.

காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், மூத்திரத்தில் சோப்பு நுரை. இது நெஃப்ராடிக் நோய். இதன் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள், ஆனால் பத்தில் எட்டொன்பது குழந்தைகள் ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படுவார்கள். கட்டுப்படாத மிச்சப் பேரில்தான் செயலிழப்பு வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வீடுகளில் ஒரு நோட்டு இருக்கும். அம்மா விடிகாலை மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, கொடுத்திருக்கும் அமிலத்தில் சில சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் நோட்டில் சுழி. வடிகஞ்சி போலக் கலங்கினால் ஒன்று, இரண்டு, மூன்று கூட்டல் குறி. பள்ளிக்கூடமே போகாத அம்மாக்கள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குறிக்கும் நோட்டை மருத்துவர்கள் லேப் ரிப்போர்ட்டைவிட அதிகம் நம்புகிறார்கள். முகம் உப்பிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு பஸ்பம் தேடிப் போவதுதான் இதில் பெரிய தொல்லை. பாதரசம் கலந்த சில நாட்டுமருந்துகள் சிறுநீரக வடிகட்டியின் சவ்வையே கெடுப்பது சென்னை ஆய்வாளர்களால் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து உறுதியான விஷயம்.

பிறகு சொந்தத்துக்குள் கல்யாணம். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன். நெஃப்ரோனோஃப்திசிஸ், சிஸ்டினோசிஸ், ஆக்ஸலேட் கற்கள் சிறுவயசிலேயே குவியும் நோய் ஆகிய பரம்பரைச் சிறுநீரக நோய்களுக்கு, பழுதான மரபணு அப்பா வழியிலும் வரவேண்டும், அம்மா வழியிலும் வரவேண்டும். ஒன்று மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. தாய்மாமனும் அக்கா மகளும் தங்கள் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கை ஒரே மூலத்திலிருந்து வாங்கியவர்கள், அத்தை மகன் மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒரே பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது. அதே சமயம், வால்வோ பின்பாய்ச்சலோ உள்ள குழந்தையின் பெற்றோரிடம் "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று எடுத்தவுடன் கேட்பது தேவையில்லாத குத்தல். அந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை உறவுக் கல்யாணத்தால் வருபவை அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும் ஊரில் ஒருவர் கேட்பார்: "எல்லாம் இந்த போர் தண்ணிதானுங்களே?" சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அதற்குமேல் பல்லில் பழுப்புக் கோடு, பிறகு எலும்பில் கோளாறு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காக. கால் வளைவை 1973-ல் ஆந்திரத்தில் ஃபுளோரைடோடு பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முட்டி சாய்ந்த பிள்ளையைப் பார்த்ததும் தண்ணீர்மேல் பழி போட்டு முடித்துவிடுகிறோம். ஆனால் சிறுநீரகம் கெட்டாலும் அதே கால் அதே மாதிரிதான் சாயும். உடம்புக்குள் போன ஃபுளோரைடை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான். நம் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாகத்தில் மற்றப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு குடிக்கிறான். வெளியேற்றுவது பாதி. 1972-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பதின்வயதுச் சிறுநீரக நோயாளிகள் இருவரிடம் இதே சங்கிலியைக் கண்டார்கள். நோய் முதலில் வந்தது, ஓயாத தாகம் பிறகு வந்தது, அதனால் ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்தது. தண்ணீரைக் குற்றவாளி என்று எழுதி மூடிய கேஸில் அது இரண்டாம் குற்றவாளியாக இருக்கலாம். வெயிலில் குனிந்து வேலை செய்யும் விவசாயத் தொழிலாளர்களிடம் சர்க்கரை, கொதிப்பு எதுவும் இல்லாமலே சிறுநீரகத்தின் திறன் குறைவதை இலங்கையின் அநுராதபுரத்திலும் அண்மையில் தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். அது வேறு நோய், பெரியவர்களுடையது.

2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் சில நாளில் அழிக்கும் விஷம். அது திடீர்ச் செயலிழப்பு. நம் பையனின் நோய் அப்படிச் செய்தியாகிற வேகத்தில் நடப்பதல்ல.

அவனுடைய வடிகட்டும் கணக்கு 42. சோடா உப்பு மாத்திரை, எலும்புக்கு ஒரு மருந்து, ரத்தம் ஊற வாரம் ஒரு ஊசி, பிரஷர் மாத்திரை. இவ்வளவையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் டயாலிசிஸைப் பல வருஷம் தள்ளிப்போடலாம். வீட்டில் வேறு வைத்தியம் தொடங்கிவிடுகிறது. கிட்னி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாயி இளநீர் வாங்கி அனுப்புகிறாள், பக்கத்து வீட்டில் வாழைத்தண்டுச் சாறு. கல் அடைப்புக்கு ஆகும் இந்தப் பண்டங்களில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சோர்ந்தவன் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். உப்பையும் நிறுத்துகிறார்கள், தாத்தாவுக்கு நிறுத்தச் சொன்னது நினைவிருப்பதால். மூத்திரத்தோடு உப்பை இழந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு உப்பைக் கூட்டித் தரவேண்டியிருக்கும், குறைத்தால் வளர்ச்சி இன்னும் நிற்கும்.

பிறகு பள்ளியிலிருந்து ஒரு புகார். சத்துணவில் முட்டை வைக்கவேண்டாம் என்று அம்மா வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சுற்றிலும் கோழிப்பண்ணை, ஊரே முட்டையில் நடக்கிறது. "புரோட்டீன் கிட்னிக்கு ஆகாதுன்னாங்க." பெரியவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். பதினெட்டு கிலோ எடையுள்ள இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்கு அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். சோறும் ரசமும் சாப்பிட்டு அவன் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பாஸ்பேட் ஏறும் காலம் வரும்போது மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்னச் சொல்வார்கள். இன்றைக்கு முழு முட்டையையே தின்னலாம்.